அத்தையின் வலக்கை

பதுளை,
14 சனவரி 1922

அற்புதம்,

'அன்புள்ள' என்று தொடங்கி எழுதிய தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கோபமாக இருக்கும்போது அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை.

நேற்று மடுல்சீமைக் கோவில் உபதேசியார் மெழுகுதிரி வாங்க மடத்துக்கு வந்திருந்தார். என்னைக் கண்டதும், "டீச்சர், ஒங்க வீட்டு விசேசம்! ஒங்க தம்பி சம்சாரத்துக்கு எங்க கோவில்ல மொத கலியாண ஓலை வாசிச்சாச்சு. மாப்பிள தெமோதரையில ரயில்பாதைத் தச்சரு, யாகோப்புன்னு நல்ல மனுசன்" என்றார். பக்கத்தில் இரண்டு கன்னியாஸ்திரீகள் நின்றார்கள். எல்லாம் முன்பே தெரிந்தவள் போலச் சிரித்தேன். அவர் போன பிறகும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தம்பி இராயப்பன் போய் நான்கு வருடமாகிறது. நீ மறுபடி கலியாணம் செய்வதில் எனக்கு வருத்தமில்லை. இதை எழுதிவிட்டு மெய்தானா என்று யோசித்துப் பார்த்தேன். மெய்தான். ஆனால் மூன்று முறை ஓலை வாசித்து, தடை உண்டா என்று ஊரையே கேட்கிற காரியத்தை எனக்கு ஒரு வரி எழுதாமல் ஏன் செய்தாய்? நான் தடை சொல்லுவேன் என்று நினைத்தாயா?

நீ அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும்வரைதான் லயத்து வரிசையில் அந்த ஓரறைக் காம்பரா நமக்கு. நீ போன மறுநாள் அதை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுதும் விழுந்து கிடக்கிற அம்மாவை என்ன செய்வதாக நினைத்திருக்கிறாய்? அதை மட்டும் எழுது.

டின்பாலும் தைலமும் தபால்காரனிடம் கொடுத்திருக்கிறேன். முதுகுக்குப் போடும் துணி அடுத்த வாரம் வரும்.

நேசராணி


மடுல்சீமை,
24 சனவரி

மதினிக்கு,

இங்கே மழை விட்டபாடில்லை. மற்றபடி, நடக்கிறவர்கள் நடக்கிறோம், படுத்திருக்கிறவர்கள் படுத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு எழுதாதது பிழைதான். எழுதினால் நீங்கள் அழகான எழுத்தில் ஒரு கேள்வி கேட்பீர்கள், அதற்கு என்னிடம் பதில் இராது என்று தெரியும். அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

என் ஒரு நாளை எழுதுகிறேன். விடியுமுன் எழுந்து அத்தையின் துணியை மாற்றி, உடம்பைத் துடைத்து, புண் வராமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்து ஊட்டிவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுகிறேன். நடுப்பகலில் மலையிலிருந்து இறங்கி வந்து அவரைப் புரட்டிப் போட்டு, சோறு ஊட்டி, திரும்ப ஏறுகிறேன். நான் மேலே போய்ச் சேரும்போது மற்றவர்கள் பாதிக் கூடை பறித்திருப்பார்கள். ரெங்கசாமி கங்காணி நேற்றுக் கேட்டார்: "ஏம்மா அற்புதம், ஓடி ஓடி எறங்குறதுக்கு மாமியாளக் கூடையில வச்சுத் தூக்கிட்டு வந்துரேன். கொழுந்துதான் கொறயும், மாமியா கொறயமாட்டா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கூடை நிறையவில்லை என்று அரைப் பேர்தான் போட்டார். அரை நாள் வேலை செய்ததாகக் கணக்கு.

யாகோப்பு இரண்டு வருடத்துக்கு முன்பே கேட்டார். அப்போதுதான் அத்தை விழுந்திருந்தார், முடியாது என்றேன். போன வருடம் மறுபடி கேட்டார். அன்று அத்தை அழுத அழுகையில் கட்டிலிலிருந்து கீழே விழுந்தார். அப்போதும் முடியாது என்றேன். இந்த முறை அவர் கேட்கவில்லை, நானே சொல்லி அனுப்பினேன். எனக்கு முப்பத்து நான்கு வயது மதினி. ரயில்பாதை பதுளைக்கு வந்து சேர்ந்ததும் அவருக்கு அங்கே வேலை முடிந்துவிடும். அப்புறம் எந்த ஊரோ.

அத்தையைக் கூட்டிப்போகலாமே என்பீர்கள். வேலையாட்களுக்கான தகரக் கொட்டகையில் தடுப்புப் போட்டு ஒரு மூலைதான் யாகோப்புக்கு. கட்டில் கொள்ளாது. கொண்டாலும் நான் கூட்டிப்போக விரும்பவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன், பிறகு நான் மறைத்தேன் என்று இருக்கக்கூடாது.

மடத்தில் அனாதைப் பிள்ளையாகத் தையல் படித்துக்கொண்டிருந்த என்னை நீங்கள்தான் பார்த்து உங்கள் தம்பிக்குக் கட்டிவைத்தீர்கள். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான். நன்றி மறக்கவில்லை. ஆனால் அன்று தம்பிக்குப் பெண் பார்த்தீர்களா, அம்மாவுக்கு ஆள் பார்த்தீர்களா என்று மலையேறும்போது சில நாள் நினைக்கிறேன்.

சாமியார் இங்கே மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். ஆகையால் இரண்டாம் ஓலை பிப்ரவரி ஐந்து, மூன்றாவது மார்ச் ஐந்து. நாற்பது நாள் தபசுகாலம் முடிந்து, ஏப்ரலில் பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு கலியாணம். அதுவரை உங்கள் அம்மாவை நான் பார்க்கிறேன். அதற்குப் பிறகு உங்கள் அம்மாவை என்ன செய்வதாக நீங்கள் நினைத்திருக்கிறீர்கள்?

தைலம் வந்தது. டின்பால் நசுங்கி வந்தது, ஆனாலும் நல்லது.

அற்புதமலர்


பதுளை,
2 பிப்ரவரி

அற்புதம்,

உன் கடிதத்தை மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டே வகுப்பு நடத்தினேன்.

அம்மாவுக்கு ஆள் பார்த்தேனா என்ற கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து, 'இல்லை' என்று எழுதினேன். பிறகு அதை அடித்தேன். 'ஆம்' என்றும் எழுத முடியவில்லை. நீ பொறுமையான பெண் என்று நான் இராயப்பனிடம் சொன்னது நினைவிருக்கிறது. யாருக்காக அந்தப் பொறுமையைத் தேடினேன் என்பது நினைவில்லை.

மடத்துத் தலைமைத் தாயாரிடம் கேட்டேன். ஆசிரியைகள் தங்கும் பக்கத்தில் குடும்பத்தாரை வைத்துக்கொள்ளச் சட்டமில்லை என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. கொழும்பில் வேறொரு சபைக் கன்னியாஸ்திரீகள் வயதானவர்களை வைத்துப் பார்க்கும் மடம் இருக்கிறதாம். எழுதிக் கேட்கிறேன் என்றார். அம்மாவுக்கு மடுல்சீமைக்கு வெளியே ஒருவரையும் தெரியாது. என்னையே அவ்வளவாகத் தெரியாது. அப்பா இறந்தபின் ஒன்பது வயதில் மடத்துக்கு வந்தவள் நான். லீவில் வந்து இரண்டு நாள் இருந்தால் எனக்குத் தனியாகத் தட்டில் சோறு போட்டு, ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார்.

கலியாணத்தை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா? அதற்குள் நான் ஏதாவது ஏற்பாடு செய்வேன். யாகோப்பு இரண்டு முறை காத்தவர், இன்னும் ஒரு முறை காக்கமாட்டாரா? இதைக் கேட்க எனக்கு வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

நேசராணி


பதுளை,
10 பிப்ரவரி

அற்புதம்,

உன் பதில் வருமுன் இதை எழுதுகிறேன். நேற்றிலிருந்து மடத்தில் ஒரே பேச்சு. இரண்டாம் ஓலை வாசித்த பூசையில் அம்மாவின் விழுந்துபோன வலக்கை எழும்பியதாமே! உபதேசியார் வந்து பள்ளிக்கூடத்து முற்றத்தில் நின்று சொன்னார். சொல்லும்போது அவர் அழுதார், கேட்ட சகோதரிகளும் அழுதார்கள். பிள்ளைகள் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். அந்தோணியார் செய்த புதுமை என்கிறார்கள்.

இன்று காலை தாயார் என்னை அழைத்தார். ஆண்டவர் தொட்ட ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்த அவருக்கு மனமில்லையாம். சமையற்கட்டுக்குப் பக்கத்து அறையை ஒழித்துத் தருகிறார். தையல் வகுப்புப் பெண்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். ஆயுசு முழுதும்.

நான் முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். வெளியே வந்த பிறகுதான், நீ இதைப் பற்றி எனக்கு ஒரு வரியும் எழுதவில்லை என்பது உறைத்தது. ஏன் எழுதவில்லை?

நேசராணி


மடுல்சீமை,
15 பிப்ரவரி

மதினிக்கு,

ஏன் எழுதவில்லை என்று கேட்டதால் எழுதுகிறேன்.

அந்த ஞாயிறு காலை அத்தை, "என்னையும் தூக்கிட்டுப் போ, பூச காணணும்" என்றார். இரண்டு வருடமாகக் கேட்டதில்லை. எனக்குச் சந்தோசம். ஆசீர்வதிக்கத்தான் வருகிறார் என்று எண்ணி நல்ல சேலை உடுத்திவிட்டேன். பக்கத்துக் காம்பரா ஆட்கள் இருவர் நாற்காலியோடு தூக்கி வந்து முன்வரிசையில் வைத்தார்கள்.

பூசை நடுவில் சாமியார் ஓலை வாசித்தார். காலஞ்சென்ற இராயப்பனின் விதவை அற்புதமலருக்கும், யாகோப்புக்கும், இது இரண்டாம் முறை, தடை அறிந்தவர்கள் சொல்ல வேண்டியது. எல்லோரும் தலையைக் குனிந்திருந்தோம். நிமிர்ந்தால் சாமியார் வாயைத் திறந்தபடி நிற்கிறார். அத்தை பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கியிருக்கிறார். வலக்கையை. ஐந்து விரலும் விரிந்து நிற்கிறது.

"என்ன தடை, அம்மா?" என்று சாமியார் கேட்டார். அத்தை பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னால் எங்கள் லயத்துப் பாக்கியம், "கை! கையப் பாருங்க! அந்தோணியாரே, என் அப்பனே!" என்று கத்தினாள். அவ்வளவுதான். கோவில் முழுதும் முழங்காலில். சாமியார் "பொறுங்கள், பொறுங்கள்" என்றார். ஒருவரும் பொறுக்கவில்லை. தடை என்னவென்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவுமில்லை.

அத்தை கையை இறக்கவில்லை. இறக்கினால் என்ன ஆகும், இறக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். நான்தான் எழுந்து போய்ப் பிடித்து மடியில் வைத்தேன். நல்ல பலமுள்ள கை. என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

சாயங்காலம்வரை காம்பராவுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ரெங்கசாமி கங்காணிகூட வந்து, "ஆத்தா, நாங்க வேற சாமிதான், இருந்தாலும் இந்த முட்டியில ஒருக்கா கைய வையி" என்று வேட்டியைத் தூக்கிக் காட்டினார். அத்தை வைத்தார். வேறென்ன செய்வார்?

எல்லோரும் போன பிறகு கேட்டேன்.

"எப்ப வந்துச்சு அத்தை?"

"எது?"

"கை."

"போன மழைக்கு. மொதல்ல வெரலு. அப்புறம் மணிக்கட்டு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போயிருவ."

"சொல்லாமலும் போறேனே."

"அதான் தூக்கிட்டேன்" என்றார்.

கோபப்படலாம் என்று உட்கார்ந்தேன். உலை கொதித்துவிட்டது. அரிசி போட எழுந்தேன். போன மழையிலிருந்து எத்தனை பகல் மலையிலிருந்து ஓடிவந்து ஊட்டினேன் என்று நினைக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன். கால் விழுந்தது மட்டும் மெய். நம்பாமல் நானே கிள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. ஆகவே துணி மாற்றவும் புரட்டவும் ஆள் வேண்டியதுதான்.

இதை உங்களைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. மடத்தில் அறை தருகிறார்கள் என்றால் விடாதீர்கள் மதினி. உங்களைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. பேசாமல் இருங்கள், போதும். அத்தைக்குக் கூரை, உங்களுக்கு நிம்மதி, எனக்குக் கலியாணம். மூன்று பேருக்கும் நல்லது. கெடுதல் ஒருவருக்கும் இல்லை. நான் நன்றாக யோசித்துவிட்டேன்.

அற்புதம்


பதுளை,
22 பிப்ரவரி

அன்புள்ள அற்புதம்,

தாயாரிடம் சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்து நான்கு நாள் பேசாமல்தான் இருந்தேன். நீ எழுதியது எனக்கும் சரியாகவே பட்டது. கெடுதல் ஒருவருக்கும் இல்லை என்று நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். தையல் வகுப்புப் பெண்கள் அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், நான் சன்னலுக்குத் திரை தைத்தேன்.

நேற்று பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் வந்தாள். பிறவியிலேயே சூம்பிய கையுள்ள மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பசறையிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். என்னைக் காட்டிவிட்டார்கள். "டீச்சரம்மா, ஒங்க அம்மா எப்ப வருவாங்க? அவங்க கையில ஒருக்கா இவ கையப் புடிச்சு வச்சாப் போதும்" என்றாள். அந்தப் பிள்ளை என் சேலை முந்தானையை நல்ல கையால் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. 'இருங்கள்' என்று மட்டும் சொல்லி, நேரே தாயாரின் அறைக்குப் போனேன்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "அந்தப் பெண்ணுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், நீ போ" என்றார். அம்மாவைப் பற்றி ஒரு கடும் சொல் சொல்லவில்லை. வயதானால் பயம் வரும் என்றார். ஆனால் அறை இல்லை. சட்டம் மறுபடி சட்டமாகிவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். சாமியாருக்கும் தாயாரே எழுதியிருக்கிறார். அம்மாவை யாரும் ஏசாமல் பார்த்துக்கொள்.

நேசராணி


மடுல்சீமை,
25 பிப்ரவரி

மதினிக்கு,

அந்தப் பிள்ளைக்காக எனக்கும் வருத்தந்தான். ஆனால் உங்கள் மனச்சாட்சி பதுளையில் இருக்கிறது, அதைச் சுமக்கிற முதுகு மடுல்சீமையில் இருக்கிறது.

இங்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கும்பிட்டவர்களே இப்போது காம்பராவின் முன் இஸ்தோப்பில் நின்று, "என்ன ஆத்தா, இன்னைக்குக் கை இருக்கா?" என்கிறார்கள். அத்தை போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். சாப்பிட மாட்டேன் என்கிறார். மறுபடி நான்தான் ஊட்டுகிறேன். சிரிப்பாக இல்லையா?

மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டாம் என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டேன். யாகோப்புக்கும் ஆள் போயிற்று. சேதி கேட்டு அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாராம்.

இனி டின்பால் அனுப்ப வேண்டாம்.

அற்புதமலர்


பதுளை,
28 பிப்ரவரி

அற்புதம்,

ஓலையை நிறுத்தாதே. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் வண்டிக்காரனிடமே கொடுத்தனுப்புகிறேன். உபதேசியாருக்கும் ஒரு வரி எழுதி அதே வண்டியில் வைத்திருக்கிறேன்.

கடைவீதியில் தையற்கடை ஹாஷிம் நானாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்திருக்கிறேன். ஓடு போட்டது, கிணறு பக்கத்தில். மடத்திலிருந்து என் பெட்டியை நேற்று எடுத்து வந்துவிட்டேன். பகலில் படிப்பித்துவிட்டு வெளியே தங்கத் தாயார் சம்மதித்தார். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது ஹாஷிம் நானாவின் மனைவி ஸைனப் எட்டிப் பார்த்துக்கொள்வார். "டீச்சருட உம்மா எனக்கும் உம்மா மாதிரித்தான். ஆனா எனக்குத் தூக்க ஏலாது, முதுகுல வாயு" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அது எனக்குப் பிடித்தது.

நேற்று அந்த அறையில் தனியாகப் படுத்தேன். மணி அடிக்கவில்லை, செபம் கேட்கவில்லை. ஒன்பது வயதிலிருந்து என்னை யாரோ எழுப்பி, யாரோ சோறு போட்டு, யாரோ விளக்கணைத்திருக்கிறார்கள். அம்மாவைப் பார்க்க எனக்கு நேரமில்லை என்று நினைத்திருந்தேன். பயம்தான் இருந்தது போலிருக்கிறது. நோயாளியின் உடம்பைத் தொட்டுப் பழக்கமில்லை. அம்மாவின் உடம்பை, ஒன்பது வயதுக்குப் பிறகு, தொட்டதே இல்லை.

வண்டியில் வைக்கோல் பரப்பச் சொல்லியிருக்கிறேன். அம்மாவை ஏற்றிவிடு. யாகோப்புக்கு நீயே ஆள் அனுப்பு.

நேசராணி


மடுல்சீமை,
3 மார்ச்

மதினிக்கு,

இந்தக் கடிதம் அத்தையோடு வண்டியில் வருகிறது. அவரிடமே கொடுத்தனுப்புகிறேன், படிக்கத் தெரியாதென்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

இடுப்புக்குக் கீழே ஒரு சிவப்பு இருக்கிறது, புண்ணாகவில்லை. இடப்பக்கமாகவே படுக்க அடம்பிடிப்பார், விடாதீர்கள். தூக்கும்போது கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உங்கள் கழுத்தை அவர் கட்டிக்கொள்ளட்டும், நீங்கள் முழங்காலை மடக்கி எழும்புங்கள். இல்லாவிட்டால் உங்களுக்கும் ஸைனப் அம்மாவின் வாயுதான். தண்ணீர் குறைவாகக் குடித்தால் துணி நனையாது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

வண்டியில் ஏற்றும்போது கேட்டார்: "அவ என்னைய வச்சுக்குவாளா?"

"பெத்த மக, வச்சுக்காம?"

"பெத்தேன். வளக்கலயே."

வைக்கோலைச் சரிசெய்தேன்.

என்னிடம் கோபமா என்று நான் கேட்டேன். "ஒனக்குத்தான் எம்மேல கோவமா இருக்கணும். நீ ஒழுங்காக் கோவப்படக்கூட மாட்டேங்குற" என்றார். வண்டிக்காரன் மாட்டைப் பூட்டிவிட்டான், இதை மடித்து அவர் மடியில் வைக்கப்போகிறேன். எனக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது.

ஞாயிறு மூன்றாம் ஓலை. யாகோப்பு வருகிறாராம்.

அற்புதம்


பதுளை,
13 மே

அன்புள்ள அற்புதம்,

உன் கலியாணத்துக்கு வந்து சாப்பிடாமல் திரும்பியதற்கு மன்னிப்பு எழுதவேண்டும் என்றிருந்தேன். அம்மா வரமாட்டேன் என்று சொல்லிக் காய்ச்சல் வரவழைத்துக்கொண்டார். ஸைனப்பிடம் விட்டுவிட்டு வந்தேன். திரும்பும்போது காய்ச்சல் இல்லை. "பொண்ணு எப்படி இருந்தா?" என்று கேட்டார். நீலச் சேலை என்றேன். "அவளுக்கு நீலம் எடுக்காது" என்றார்.

இந்த இரண்டு மாதத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதல் வாரம் எனக்கு வாந்தி வந்தது. துணியை மாற்றிவிட்டு வெளியே போய் நின்று, திரும்ப வந்து கையைக் கழுவி, வகுப்புக்குப் போவேன். கரும்பலகையில் எழுதும்போது அந்த வாடை விரலில் இருப்பது போலிருக்கும். அம்மாவுக்கு என்னிடம் கூச்சம். உன்னிடம் இல்லாத கூச்சம். நான் துடைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, யாரோ அந்நியர் கையில் அகப்பட்டவர் போலக் கிடப்பார். எனக்கு மரியாதை தருகிறாரா, தண்டனை தருகிறாரா என்று தெரியாது.

பகலில் ஸைனப்போடு உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாராம். ரெண்டு கையாலும். ஸைனப் சொன்னார்: "ஒங்கட உம்மா நல்லா வேல செய்றாங்க டீச்சர், நீங்க வாற சத்தம் கேட்டாத்தான் கை வுழுந்துடுது." நான் வாசலில் செருப்பைக் கழற்றினால் கத்தி கீழே, கை போர்வைக்குள். அதன்பிறகு நான் ஊட்டவேண்டும். ஒருநாள் தட்டைக் கட்டிலில் வைத்து, "உங்கள் கை இருக்கிறதே, சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது சோறு அப்படியே ஆறியிருந்தது. அம்மா பசியோடு படுத்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைச் சுவரில் எறியலாம் என்று எடுத்தேன். எறியவில்லை. சுவர் ஹாஷிம் நானாவுடையது.

பிறகு உட்கார்ந்து ஊட்டினேன். முதல் வாய்க்கே சொன்னார்: "நீ சின்ன உருண்டையா உருட்டுற. அற்புதம் பெரிசா உருட்டுவா." நான் பெரிதாக உருட்டினேன். இரண்டு வருடமாக நீ இப்படித்தான் இருந்தாயா? உன் கடிதங்களில் மழையும் தைலமும்தான் இருந்தன. இதையெல்லாம் நீ எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் படித்திருப்பேன் என்பதற்கும் உறுதியில்லை.

சில நாள் நன்றாயிருக்கிறது. நேற்று என் தலையை வாரிவிடுகிறேன் என்றார். கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தேன். வலக்கையால்தான் வாரினார். "நரச்சுப் போச்சே" என்று மட்டும் சொன்னார்.

ஒவ்வொரு சாயங்காலமும் விளக்கேற்றும் நேரத்தில், "அற்புதம் எப்ப வருவா?" என்று கேட்கிறார். வருவாள் என்கிறேன். உன்னை வரச்சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. நீ வந்தால் உன்னைப் போகவிடாமல் ஏதாவது செய்வார் என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயத்தோடேயே கேட்கிறேன்: ஒருமுறை வருவாயா?

உன் மதினி,
நேசராணி


தெமோதரை,
20 மே

அன்புள்ள மதினிக்கு,

இங்கே இருவருக்கும் சுகம். கொட்டகையில் எங்கள் மூலைக்கு அவர் பலகைச் சுவர் அடித்திருக்கிறார். விடியுமுன் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து, யாரைப் புரட்டுவது என்று ஒரு நிமிடம் தேடுகிறேன். "என்னைய வேணா பொரட்டிப் போடு" என்கிறார் அவர், கண்ணைத் திறக்காமலே. நல்ல மனிதர். குறட்டைதான் அதிகம்.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் மட்டும் கெட்டவள் இல்லை என்று தெரிந்து கொஞ்சம் ஆறுதலாயிருந்தது. இதைத் தப்பாக எடுக்க வேண்டாம். ஏன் எழுதவில்லை என்கிறீர்கள். எழுதலாம் என்றுதான் உட்காருவேன். உங்கள் அழகான கையெழுத்துக்குப் பக்கத்தில் என் முறைப்பாட்டை வைத்துப் பார்ப்பேன். மழை என்று எழுதிவிடுவேன்.

வெங்காயம் உரிக்கிறார் என்று படித்ததும் முதலில் எனக்கு வயிறெரிந்தது. எனக்கு ஒரு வெங்காயம் உரித்துக் கொடுத்ததில்லை. பிறகு நினைத்தேன், எனக்கு உரித்துக் கொடுத்திருந்தால் நான் போய்விட்டிருப்பேன். அவர் கணக்கு சரிதான். ஊட்டுவதை நிறுத்த வேண்டாம் மதினி. ஒரு வேளை ஊட்டுங்கள், ஒரு வேளை தட்டை வைத்துவிட்டுப் போங்கள். எந்த வேளை என்று முன்னால் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்தால்தான் அவருக்குப் பயம் வருகிறது என்று இப்போது தோன்றுகிறது. அங்கே இருந்தபோது எனக்கே தோன்றவில்லை, ஓடிக்கொண்டிருந்தேன்.

வருகிறேன். அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு, நடந்துதான். அவரும் வருவார். ஆனால் விருந்தாளியாக வருவேன். துணி மாற்ற மாட்டேன், தூக்க மாட்டேன், பாத்திரம் கழுவமாட்டேன். நீங்கள் செய்வதைப் பார்த்துக் குறையும் சொல்லமாட்டேன், அதுதான் கஷ்டம். அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன், அவ்வளவுதான். இரண்டு வருடமும் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்ததே கிடையாது, ஏதாவது செய்துகொண்டேதான் இருந்திருக்கிறேன்.

விளக்கேற்றும் நேரத்துக்கு முன் கிளம்பிவிடுவோம். இதை அத்தையிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அழுதால் எனக்குத் தாங்காது. அதற்காக அழுவதை இந்த வாரமே அழுது முடித்துக்கொள்ளட்டும். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

அற்புதம்